வேதாகமத்தில் உலோகங்களைப் படிப்பது எப்படி: பொன் முதல் ஈயம் வரை

ஞாயிறு பள்ளிகளிலும் வேதபாடக் குறிப்பேடுகளிலும் ஒரு பட்டியல் நெடுங்காலமாகப் புழங்குகிறது. பொன் என்றால் தெய்வத்தன்மை, வெள்ளி என்றால் மீட்பு, வெண்கலம் என்றால் நியாயத்தீர்ப்பு, இரும்பு என்றால் பலம். ஆசரிப்புக் கூடாரத்தை (இஸ்ரவேலர் வனாந்தரத்தில் கொண்டுசென்ற வழிபாட்டுக் கூடாரம்) பற்றிப் பேசும்வரை இது ஓரளவு கைகொடுக்கும். யாத்திராகமம் 32ஆம் அதிகாரத்துக்கு வந்ததும் படுத்துவிடும். அங்கே ஜனங்கள் வணங்குவதற்காக ஆரோன் வார்த்த கன்றுக்குட்டியும் பொன்தான். வெளிப்படுத்தின விசேஷம் 17:4இல் வேசியின் கையிலிருக்கும் பாத்திரமும் பொன்தான்.

எந்த உலோகத்துக்கும் நிலையான ஒரு பொருளை வேதம் ஒட்டிவைக்கவில்லை. அது என்ன வேலை செய்கிறது, எங்கே நிற்கிறது, யாரிடமிருந்து வந்தது என்ற மூன்றையும் பார்த்தால்தான் பொருள் பிடிபடும். கீழே உள்ள முறை, தனியாகப் படிப்பவருக்கும் வகுப்பு எடுப்பவருக்கும் பொருந்தும். புத்தகப் பெயர்களும் வசன எண்களும் பழைய தமிழ் வேதாகமத்தின்படி தரப்பட்டுள்ளன. கத்தோலிக்கர் யாத்திராகமத்தை விடுதலைப் பயணம் என்றும், உபாகமத்தை இணைச்சட்டம் என்றும், வெளிப்படுத்தின விசேஷத்தைத் திருவெளிப்பாடு என்றும் கொள்ளவும்.

தொடங்கும் முன்

ஒரு நோட்டில் ஐந்து பத்திகள் போடுங்கள்: வசனம், உலோகம், வேலை, இடம், வந்த வழி. ஓரத்தில் ஆறாவதாக ஒரு குறுகிய பத்தி விடுங்கள். பிற்கால விளக்கங்கள் அதில் மட்டும்தான் போக வேண்டும். வசனம் சொல்வதையும் மரபு சொல்வதையும் ஒரே பத்தியில் எழுதிவிட்டால், பிறகு பிரித்தெடுப்பது கடினம். பெரும்பாலான குழப்பங்கள் இங்கேதான் பிறக்கின்றன.

முதலில் பதிய வேண்டிய வசனம் எண்ணாகமம் 31:22. பொன், வெள்ளி, வெண்கலம், இரும்பு, தகரம், ஈயம் என்று ஆறு உலோகங்களும் ஒரே வரியில் வருகின்றன. அடுத்த வசனம், தீயைத் தாங்குபவை எல்லாம் தீயைக் கடந்து சுத்தமாக வேண்டும் என்கிறது. தீட்டு, சுத்தம் என்ற கணக்கில் ஆறும் ஒரே வரிசையில் நிற்பதைக் கவனியுங்கள். பொன்னுக்கு அங்கே தனிச்சலுகை இல்லை.

‘வெண்கலம்’ என்று வரும் இடங்களில் ஒரு எச்சரிக்கை. எபிரெயத்தில் செம்புக்கும் வெண்கலத்துக்கும் ஒரே சொல்தான். மலையிலிருந்து வெட்டியெடுப்பதாக வந்தால் (உபாகமம் 8:9, யோபு 28:2) செம்பு என்று கொள்ளுங்கள். வார்த்த பாத்திரமோ ஆயுதமோ என்றால் தகரம் கலந்த வெண்கலமாக இருக்கலாம். அந்தத் தகரத்தின் பெயரால் ஒரு ஆவிக்குரிய பாடம் கட்டக்கூடாது.

எடைக்கு இந்த அளவுகள் போதும். ஒரு சேக்கல் சுமார் 11.4 கிராம். ஒரு தாலந்து 3,000 சேக்கல், அதாவது சுமார் 34 கிலோ. மோசே காலத்துச் சேக்கல் நாணயம் அல்ல, தராசில் நிறுக்கும் எடை. ஆபிரகாம் மக்பேலா நிலத்துக்கு 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக்கொடுத்தான் (ஆதியாகமம் 23:16). சகோதரர் விற்ற யோசேப்பின் விலையை ‘வெள்ளிக்காசு’ என்று படித்தாலும் வட்டக் காசுகளைப் படம் வரைய வேண்டாம். நாணயம் அடிக்கும் வழக்கம் லிதியாவில் (இன்றைய மேற்குத் துருக்கி) தோன்றியது அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான்.

ஆசரிப்புக் கூடாரத்தை வரைந்து பாருங்கள்

இந்தப் பாடத்தில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். கட்டம் போட்ட தாளை எடுத்து, 5 முழத்துக்கு 1 செ.மீ. என்று அளவு வையுங்கள். பிராகாரம், அதாவது கூடாரத்தைச் சுற்றிய முற்றம், 100 முழம் நீளம், 50 முழம் அகலம். தாளில் அது 20 செ.மீ.க்கு 10 செ.மீ. வரும். கிழக்குப் பக்கத்தின் நடுவில் 20 முழ வாசல் விடுங்கள். கூடாரம் வழக்கமான கணக்கில் 30 முழத்துக்கு 10 முழம், அதாவது 6 செ.மீ.க்கு 2 செ.மீ. பிராகாரத்துக்குள் அது எந்த இடத்தில் நின்றது என்று வசனம் அளவு சொல்லவில்லை. மேற்குப் பாதியில் வைப்பது வழக்கம்.

மூன்று வண்ணப் பென்சில்கள் போதும்: பொன்னுக்கு மஞ்சள், வெள்ளிக்குச் சாம்பல் நிறம், வெண்கலத்துக்குச் சிவப்பு. யாத்திராகமம் 25 முதல் 27 வரையும் 30ஆம் அதிகாரத்தையும் திறந்து வைத்து வெளியிலிருந்து உள்ளே வாருங்கள்.

பிராகாரத்தின் முளைகள் வெண்கலம். தூண்களின் பாதங்கள் வெண்கலம், ஆனால் கொக்கிகளும் பூண்களும் வெள்ளி. தகன பலிபீடம் 5 முழச் சதுரம், 3 முழ உயரம், சீத்திம் மரத்தின்மேல் (ஒருவகை வேலமரம்) வெண்கலத் தகடு. கை கால் கழுவும் தொட்டி வெண்கலம். கூடார வாசலின் ஐந்து தூண்களுக்குப் பொன் தகடு, ஆனால் பாதங்கள் இன்னும் வெண்கலம் (26:37). உள்ளே போனால் பலகைகளுக்குப் பொன் தகடு, அவற்றின் பாதங்கள் வெள்ளி. குத்துவிளக்கு, மேஜை, தூபபீடம் எல்லாம் பொன். உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்துக்கு முன் தொங்கும் திரையின் நான்கு தூண்களுக்கும் பொன் தகடு, பாதங்கள் வெள்ளி (26:32). உடன்படிக்கைப் பெட்டிக்கு உள்ளும் புறமும் பசும்பொன்.

கூரையையும் விடாதீர்கள். உள் மூடுதிரைகளை இணைப்பவை 50 பொன் கொக்கிகள். அவற்றின்மேல் விரிக்கும் ஆட்டுமயிர்த் திரைகளை இணைப்பவை 50 வெண்கலக் கொக்கிகள் (26:6, 11). மேலிருந்து கீழாகவும் கிழக்கிலிருந்து மேற்காகவும் ஒரே ஒழுங்கு: உள்ளே நெருங்க நெருங்க விலை ஏறுகிறது.

இப்போது படத்தைப் பார்த்தால் பழைய பட்டியலின் குறை தெரியும். கூடார வாசலில் பொன் தூண் வெண்கலப் பாதத்தில் நிற்கிறது. ‘தெய்வத்தன்மை நியாயத்தீர்ப்பின்மேல் நிற்கிறது’ என்று அதை அழகாகப் பேசிவிடலாம். வசனம் அப்படிச் சொல்லவில்லை. அது சொல்வது எல்லையை. வெளியாட்கள் வந்து நிற்கும் பிராகாரமும் ஆசாரியர் மட்டும் நுழையும் பரிசுத்த ஸ்தலமும் சந்திக்கும் இடத்தில் இரண்டு உலோகங்களும் ஒரே தூணில் சந்திக்கின்றன. இந்தப் பார்வை படத்திலிருந்து நேராக வருகிறது, அதற்கு வேறு பட்டியல் தேவையில்லை.

அடிக்கடி வரும் இன்னொரு தவறு: ‘வெண்கலம் நெருப்பைத் தாங்கும், பொன் தாங்காது, அதனால்தான் பலிபீடம் வெண்கலம், அதனால் வெண்கலம் நியாயத்தீர்ப்பு’ என்ற வாதம். சுத்தப் பொன் 1,064 டிகிரி செல்சியஸில் உருகும், செம்பு 1,085இல். பத்தில் ஒரு பங்கு தகரம் சேர்ந்த வெண்கலம் பொன்னுக்கும் முன்னதாக, சுமார் 1,000 டிகிரிக்குள்ளேயே முழுக்க உருகிவிடும். தணல் வைக்கும் தூபபீடமும் பொன் தகடு போர்த்ததுதான். பலிபீடத்தில் சாம்பல் வாரி, முள்துறடு, வலைப்பின்னல் சல்லடை எல்லாம் நாள்தோறும் உரசும். பசும்பொன் மெத்தென்றிருக்கும், அந்த உரசலில் சீக்கிரம் தேயும். உழைப்புக்கு ஏற்ற உலோகம் வெண்கலம். நியாயத்தீர்ப்பு என்ற எண்ணம் பலிபீடத்தில் நடக்கும் காரியத்திலிருந்து வருகிறது, தகட்டிலிருந்து அல்ல.

கணக்கைப் போட்டுச் சரிபாருங்கள்

யாத்திராகமம் 38:24-31 ஒரு கணக்குப் புத்தகம். பலர் தாண்டிப்போகும் இந்தப் பகுதிதான் வெள்ளிக்கு மிகத் தெளிவான பொருளைத் தருகிறது.

பொன் 29 தாலந்து 730 சேக்கல், அதாவது 87,730 சேக்கல். நம் அளவில் ஏறக்குறைய 1,000 கிலோ. வெண்கலம் 70 தாலந்து 2,400 சேக்கல், ஏறக்குறைய 2,420 கிலோ. வெள்ளி 100 தாலந்து 1,775 சேக்கல், ஏறக்குறைய 3,440 கிலோ.

பொன்னும் வெண்கலமும் மனமுவந்து கொடுத்தவை. இந்த வெள்ளி அப்படியல்ல. எண்ணப்பட்ட ஒவ்வொரு ஆணும் கட்டாயமாகக் கொடுத்த அரைச் சேக்கல் அது. ஐசுவரியவான் கூட்டிக் கொடுக்கக்கூடாது, தரித்திரன் குறைத்துக் கொடுக்கக்கூடாது (30:15). எண்ணப்பட்டவர் 6,03,550 பேர். அதில் பாதி 3,01,775 சேக்கல், அதுவே 100 தாலந்தும் 1,775 சேக்கலும். கணக்கு ஒரு சேக்கல்கூடப் பிசகவில்லை.

அடுத்து அந்த 100 தாலந்து எங்கே போனது என்று பாருங்கள். ஒரு பாதத்துக்கு ஒரு தாலந்து வீதம் 100 பாதங்கள். 48 பலகைகளுக்கு இரண்டிரண்டாக 96, திரையின் தூண்களுக்கு 4. மீந்த 1,775 சேக்கல் பிராகாரத் தூண்களின் கொக்கிகளுக்கும் பூண்களுக்கும் குமிழ்களுக்கும். ஒரு தாலந்து என்பது 6,000 பேரின் அரைச் சேக்கல். பொன் போர்த்த ஒவ்வொரு பலகையும் 12,000 பேரின் பங்கின்மேல் நிற்கிறது. அந்தப் பணத்தை ‘பாவநிவிர்த்திப் பணம்’ என்று 30:16 பெயரிட்டே சொல்கிறது. ஆகவே கூடாரத்து வெள்ளியை மீட்போடு சேர்த்துப் படிப்பதற்கு வசனத்திலேயே ஆதாரம் இருக்கிறது. வகுப்பில் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். எந்தப் பிரசங்கத்தைவிடவும் இது நிற்கும்.

ஆனால் இந்தப் பொருளை எல்லா வெள்ளிக்கும் நீட்டாதீர்கள். வெள்ளி எண்ணப்படும் இடத்தில் ‘யாருடைய விலை?’ என்று கேளுங்கள், உருக்கப்படும் இடத்தில் ‘எந்த அழுக்கு?’ என்று கேளுங்கள். முப்பது சேக்கல் என்பது மாடு முட்டிச் செத்த அடிமைக்கு ஈடு (யாத்திராகமம் 21:32). அதே தொகை சகரியா 11:12-13இல் மேய்ப்பனுக்குக் கூலியாக வருகிறது, இகழ்ச்சியாக. அங்கிருந்து மத்தேயு 26:15க்கும் 27:3-10க்கும் போகிறது. மூன்றையும் வரிசையாகப் படித்தால்தான் தொகையின் கூர்மை தெரியும். மத்தேயு 27:9 எரேமியாவின் பெயரைச் சொன்னாலும் வார்த்தைகள் சகரியாவுக்கே மிக நெருக்கம். வகுப்பில் யாராவது கேட்பார்கள், தயாராக இருங்கள். குயவன் என்பதையும் நிலம் வாங்குவது என்பதையும் எரேமியா 18, 19, 32 அதிகாரங்களோடு இணைத்துப் பார்ப்பது வழக்கம்.

புடமிடும் வசனங்களைத் தொழிலோடு படிக்க

மல்கியா 3:3 பற்றி ஒரு கதை பிரபலம். தட்டார் தன் முகம் வெள்ளியில் தெரியும்வரை அடுப்பருகே உட்கார்ந்திருப்பாராம். முகம் தெரிவது பற்றி மல்கியாவில் ஒரு சொல்லும் இல்லை. கதையைச் சொல்வதென்றால் கதை என்றே சொல்லுங்கள். உண்மையான தொழில்முறை அதைவிடச் செறிவானது.

பழங்காலத்தில் வெள்ளி பெரும்பாலும் ஈயத்தாதுவோடு கலந்தே கிடைத்தது. தாதுவை உருக்கினால் வெள்ளி ஈயத்துக்குள் போய்விடும். அழுக்கு வெள்ளியைச் சுத்தம் செய்யவும் ஈயத்தைச் சேர்ப்பார்கள். அந்தக் கலவையை எலும்புச் சாம்பலாலோ நுண்துளையுள்ள மண்ணாலோ செய்த ஆழமில்லாத கிண்ணத்தில் வைத்து, 900 முதல் 1,000 டிகிரி சூட்டில் துருத்தியால் மேலே காற்று ஊதுவார்கள். ஈயம் காற்றோடு சேர்ந்து மிருதார்சிங்கியாக மாறும். சித்த மருந்துக்கடையில் கிடைக்கும் அதே மிருதார்சிங்கிதான். உருகிய மிருதார்சிங்கி செம்பையும் தகரத்தையும் மற்ற அழுக்குகளையும் இழுத்துக்கொண்டு கிண்ணத்துக்குள் ஊறிவிடும், அல்லது வழித்தெடுக்கப்படும். வெள்ளி காற்றோடு சேராது, அது மட்டும் நிற்கும். கடைசிப் படலம் விலகும் நொடியில் பளிச்சென்று ஒரு மின்னல் வரும்.

கெடும் விதங்களும் உண்டு. காற்று குறைந்தால் ஈயம் மாறாமலே கிடக்கும். சூடு 888 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மிருதார்சிங்கி உறைந்து மேலே மூடிக்கொள்ளும். அழுக்கு தீரும்முன் ஈயம் தீர்ந்துவிட்டால் வெள்ளி அசுத்தமாகவே நின்றுவிடும். சூடு அளவுக்கு மீறினால் வெள்ளியும் கொஞ்சம் போய்விடும். வேலை நடக்கும்போது இடத்தைவிட்டு எழ முடியாது என்பது இதிலிருந்தே தெரியும். மல்கியாவில், வரப்போகிற ஆண்டவர் ‘உட்கார்ந்து’ புடமிடுகிறார் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை.

இப்போது நான்கு பகுதிகளை அடுத்தடுத்து வையுங்கள். மல்கியா 3:2-3: ஆலய ஊழியக் கோத்திரமான லேவியின் புத்திரர் சுத்தமாகி வெளியே வருகிறார்கள். ஏசாயா 1:22-26: வெள்ளி களிம்பாகிவிட்டது, கலப்பு நீக்கப்படும், நகரம் திரும்ப நீதிபுரம் என்னப்படும். எரேமியா 6:29-30: துருத்தி வெந்துபோயிற்று, ஈயம் தீர்ந்துபோயிற்று, பொல்லாதவர் பிரியவில்லை, முடிவில் தள்ளுபடியான வெள்ளி. மேலே சொன்ன மூன்றாவது கோளாறு அப்படியே இங்கே இருக்கிறது. ஈயம் அழிவதை எரேமியா ஏன் சொல்கிறார் என்பது தொழில் தெரியாமல் புரியாது. எசேக்கியேல் 22:18-22: வெள்ளி, வெண்கலம், இரும்பு, ஈயம், தகரம் எல்லாம் எருசலேம் என்ற உலைக்குள் போகின்றன, ஊதப்படுகின்றன, உருகுகின்றன. சுத்த வெள்ளி வெளியே வந்ததாக ஒரு வார்த்தையும் இல்லை.

ஒரே உலை, மூன்று முடிவுகள். ‘புடம் என்றால் சுத்திகரிப்பு’ என்று நான்கையும் ஒன்றாகக் கட்டிவிட்டால் எரேமியாவின் தோல்வியும் எசேக்கியேலின் கோபமும் காணாமல் போய்விடும். பிரசங்கக் குறிப்புகளில் மிக அதிகமாகக் காணும் குறை இது. ஏசாயா 48:10 இன்னொரு திருப்பம்: புடமிட்டேன், ஆனால் வெள்ளியைப்போல் அல்ல, உபத்திரவத்தின் குகையிலே. நீதிமொழிகள் 17:3, சங்கீதம் 12:6, 1 பேதுரு 1:7 ஆகியவற்றை இந்த நான்குக்குப் பிறகு படியுங்கள்.

வெண்கலம்: மாறிக்கொண்டே இருக்கும் உலோகம்

வெண்கலத்துக்கு ‘வந்த வழி’ என்ற பத்திதான் முக்கியம். தொட்டி, வாசலில் ஊழியம் செய்த ஸ்திரீகளின் கண்ணாடிகளிலிருந்து வந்தது (யாத்திராகமம் 38:8). மோசேக்கு எதிராக எழும்பிய கோராகோடு சேர்ந்து மாண்ட 250 பேரின் தூபகலசங்கள் தட்டையாக்கப்பட்டுப் பலிபீடத்தின் மூடுதகடாயின, இனி அந்நியர் யாரும் தூபங்காட்ட வரக்கூடாது என்பதற்கு அடையாளமாக (எண்ணாகமம் 16:36-40). சாலொமோனின் பொன் கேடகங்களை எகிப்தின் ராஜா சீஷாக் கொண்டுபோனபின் சாலொமோனின் மகன் ரெகொபெயாம் வெண்கலக் கேடகங்களைச் செய்துவைத்தான், அதே ஊர்வலம் தொடர்ந்தது (1 இராஜாக்கள் 14:25-28). இங்கே வெண்கலம் வீழ்ச்சிக்கு அடையாளம். ராஜ்யம் இறங்கியதை ஆசிரியர் விளக்காமல் உலோகத்தை மாற்றியே காட்டிவிடுகிறார்.

வெண்கலச் சர்ப்பத்தை மூன்று படிகளில் எடுங்கள். எண்ணாகமம் 21:6-9இல் அது உயிர் காக்கிறது. 2 இராஜாக்கள் 18:4இல் ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டியதால் யூதாவின் ராஜா எசேக்கியா அதை உடைத்து, நிகுஸ்தான் (வெறும் வெண்கலத் துண்டு) என்று பேரிடுகிறான். யோவான் 3:14இல் மனுஷகுமாரன் உயர்த்தப்படுவதற்கு ஒப்பாகிறது. நடுப்படியைத் தாண்டிவிட்டு முதலிலிருந்து மூன்றாவதுக்குக் குதிப்பதுதான் வழக்கம். அப்படிச் செய்தால் வேதம் தன் சின்னத்தைத் தானே உடைத்த இடம் தப்பிவிடும்.

யூத மரபு இந்த இடத்தில் தெளிவாகப் பேசுகிறது. யூத வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் ரோஷ் ஹஷானா பகுதி (3:8), சர்ப்பமா கொல்கிறது, சர்ப்பமா பிழைப்பிக்கிறது என்று கேட்டு, இஸ்ரவேலர் மேலே நோக்கித் தங்கள் இருதயத்தைப் பரலோகப் பிதாவுக்குக் கீழ்ப்படுத்தியபோது குணமானார்கள் என்கிறது. இது ஆறாவது பத்திக்குரியது. யோவான் சொல்வது கிறிஸ்தவருக்கு வேதவசனமே ஆனாலும், எண்ணாகமத்தின் வரிசையில் அதை எழுதாமல் தனி வரிசையில் எழுதுங்கள்.

தொல்பொருளைச் சேர்க்க விரும்பினால், தென் இஸ்ரேலில் உள்ள திம்னா பள்ளத்தாக்கின் செம்புச் சுரங்கப் பகுதியில் தொல்பொருள் ஆய்வாளர் பென்னோ ரோத்தன்பெர்க் 1969இல் தோண்டிய கோயிலில் கிடைத்த செம்புப் பாம்பைச் சொல்லலாம். தலையில் பொன் பூச்சு உண்டு. அந்தப் பகுதியில் இப்படிப்பட்ட வழிபாட்டுப் பொருள் இருந்தது என்பதை மட்டும்தான் அது காட்டும், எண்ணாகமம் 21ஐ நிரூபிக்காது.

இரும்பு

கூடாரத்துக்கான காணிக்கைப் பட்டியலில் (யாத்திராகமம் 25:3) இரும்பு இல்லை. பலிபீடக் கற்கள்மேல் இரும்பு ஆயுதம் படக்கூடாது (உபாகமம் 27:5). ஆலயம் கட்டும்போது இரும்புக் கருவியின் சத்தமே கேட்கவில்லை (1 இராஜாக்கள் 6:7). இரும்பு மனிதனின் நாட்களைக் குறைக்கப் படைக்கப்பட்டது, பலிபீடம் அவற்றைக் கூட்டப் படைக்கப்பட்டது, குறைப்பதைக் கூட்டுவதன்மேல் ஓங்குவது தகாது என்று மிஷ்னா காரணம் சொல்கிறது (மித்தோத் 3:4). பலிபீடத்துக்கு வெள்ளையடிக்கும்போதுகூட இரும்புக் கரண்டி கூடாது என்பது அங்கேயே வரும் நடைமுறை விதி.

இத்தோடு நிறுத்தி ‘இரும்பு தீயது’ என்று எழுதிவிடாதீர்கள். கதவுகளின் ஆணிகளுக்காகத் தாவீது மிகுதியான இரும்பைச் சேர்த்துவைத்தான் (1 நாளாகமம் 22:3). கற்களில் இரும்பு உள்ள தேசம் என்பது உபாகமம் 8:9இல் ஆசீர்வாதம். அடிமைத்தனத்துக்கு இருப்புக் காளவாய் (உபாகமம் 4:20), இருப்பு நுகம் (எரேமியா 28:13-14). ஆளுகைக்கு இருப்புக்கோல் (சங்கீதம் 2:9, வெளிப்படுத்தின விசேஷம் 19:15). எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்றே: இரும்பு வளையாது. யார் கையில் இருக்கிறது என்பதுதான் நன்மை தீமையைத் தீர்மானிக்கிறது.

பட்டியலை நம்புகிறவர்களுக்கு ஒரு சோதனை. உபாகமம் 28:23இல் வானம் வெண்கலம், பூமி இரும்பு. லேவியராகமம் 26:19இல் வானம் இரும்பு, பூமி வெண்கலம். உலோகங்கள் இடம் மாறினாலும் சாபம் மாறவில்லை: மழை வராது, மண் விளையாது. இங்கே எந்த உலோகம் எது என்பதைவிட, இரண்டுமே கடினம் என்பதுதான் பொருள்.

தகரத்துக்கும் ஈயத்துக்கும் தனி வகுப்பு வேண்டாம். ஈயம் பாரம்: எகிப்தியர் ஈயம்போல் அமிழ்ந்தார்கள் (யாத்திராகமம் 15:10), சகரியாவின் மரக்காலுக்கு ஈய மூடி (5:7-8). தகரம் பெரும்பாலும் கலப்பாகவும் வியாபாரச் சரக்காகவும் வருகிறது (எசேக்கியேல் 27:12).

தானியேலின் சிலை

தானியேல் 2இல் பொன் தலை, வெள்ளி மார்பும் புயங்களும், வெண்கல வயிறும் தொடைகளும், இருப்புக் கால்கள், இரும்பும் களிமண்ணும் கலந்த பாதங்கள். மேலிருந்து கீழே விலை குறைகிறது, கடினம் கூடுகிறது. கடைசியில் இரண்டும் சேர்ந்து உடைகின்றன. இரண்டு அம்புக்குறிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டுங்கள்.

வசனம் பெயரிட்டுச் சொல்வது தலையை மட்டும்: அது நேபுகாத்நேச்சார் (2:38). மற்றவை விளக்கங்கள். யூதரும் கிறிஸ்தவரும் நெடுங்காலமாகப் பாபிலோன், மேதிய-பெர்சியா, கிரேக்கம், ரோமா என்று வரிசைப்படுத்தினார்கள். இன்றைய ஆய்வாளர் பலர் பாபிலோன், மேதியா, பெர்சியா, கிரேக்கம் என்கிறார்கள். இரண்டையும் ஆறாவது பத்தியில் எழுதுங்கள். கால்விரல்கள் பத்து என்று அடித்துச் சொல்லுமுன் 2:41-42ஐத் திரும்பப் படியுங்கள். விரல்கள் உண்டு, எண் இல்லை. பத்து என்ற எண் 7ஆம் அதிகாரத்துக் கொம்புகளுக்குரியது.

யாத்திராகமத்துக்கான பழைய யூத விளக்கவுரையான மித்ராஷ் (ஷெமோத் ரப்பா) இந்தச் சிலையையும் கூடாரக் காணிக்கையையும் இணைக்கிறது. பொன் பாபிலோன், வெள்ளி மேதியா, வெண்கலம் கிரேக்கம். இரும்பு ஆலயத்தை இடித்த ஏதோம், அதாவது ரோமா. ஆகையால் காணிக்கையில் அதற்கு இடமில்லை. இதோடு ஏசாயா 60:17ஐ வையுங்கள்: வெண்கலத்துக்குப் பதிலாகப் பொன், இரும்புக்குப் பதிலாக வெள்ளி, மரத்துக்குப் பதிலாக வெண்கலம், கல்லுக்குப் பதிலாக இரும்பு. தானியேலில் இறங்கும் ஏணி இங்கே ஏறுகிறது, இரும்புக்கும் அதில் ஒரு படி கிடைக்கிறது.

பொன்னைக் கடைசியில் வையுங்கள்

மற்ற உலோகங்களைப் பழகியபின் பொன்னுக்கு வந்தால்தான் ஏமாறமாட்டீர்கள். யாத்திராகமம் 32:2-3இல் காதணிகள் கன்றுக்குட்டியாகின்றன. 35:22இல் காதணிகள் கூடாரக் காணிக்கையாகின்றன. ஒரே ஜனம், ஒரே வகை நகை. யூத மரபு இந்த நினைவை விடவில்லை. பாவநிவிர்த்தி நாளில் பிரதான ஆசாரியன் பொன் உடுப்பைக் கழற்றி, சணல்நூல் உடுப்போடுதான் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போவான் (லேவியராகமம் 16:4). காரணம் கேட்ட தல்மூத் (மிஷ்னாவும் அதன்மேல் எழுந்த விவாதங்களும் அடங்கிய யூத நூல்), குற்றஞ்சாட்டுகிறவன் வழக்கறிஞனாக வர முடியாது என்கிறது (ரோஷ் ஹஷானா 26அ). கன்றுக்குட்டியின் பொன்னை அணிந்துகொண்டு மன்னிப்புக் கேட்கப் போகலாமா என்பதுதான் கேள்வி.

மத்தேயு 2:11இன் பொன்னை ‘ராஜாவுக்கு’ என்று எல்லோரும் சொல்வார்கள். மத்தேயு அப்படி விளக்கவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் ஆதித் திருச்சபையின் ஆயர் இரேனியுஸ், மரணத்துக்கு வெள்ளைப்போளம், ராஜாவுக்குப் பொன், தேவனுக்குத் தூபவர்க்கம் என்று பிரித்தார். நல்ல விளக்கம்தான், ஏசாயா 60:6இன் பொன்னும் தூபவர்க்கமும் அதற்குத் துணைநிற்கின்றன. ஆனாலும் ஆறாவது பத்திக்கே போகட்டும்.

பயிற்சிக்கு வெளிப்படுத்தின விசேஷத்தை எடுங்கள். 1:12இன் குத்துவிளக்குகள், 3:18இன் புடமிட்ட பொன், 9:20இன் விக்கிரகங்கள், 17:4இன் பாத்திரம், 18:12இன் கப்பல் சரக்கு, 21:18இன் நகரம். ஆறு இடத்திலும் பொன். ஐந்து பத்திகளையும் நிரப்பிப் பாருங்கள். 18:12இல் பொன் விற்பனைக்கு, 3:18இல் கிறிஸ்துவிடமே வாங்கச் சொல்லப்படுகிறது, 21:21இல் காலுக்குக் கீழே வீதியாகக் கிடக்கிறது. இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு வகுப்பில் விவாதம் தொடங்கினால், பட்டியலைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவே வேண்டியதில்லை.

ஒரே ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் கூடாரப் படத்துக்கு 25 நிமிடம், அரைச் சேக்கல் கணக்குக்கு 10, எரேமியா 6க்கும் மல்கியா 3க்கும் 20, கேள்விகளுக்கு 5 என்று பிரியுங்கள். தானியேலை அந்த வகுப்பில் தொடவேண்டாம். தொட்டால் மீதி நேரம் முழுவதும் கால்விரல்களிலேயே போய்விடும்.